பூட்டான் 5 நாள் தொகுப்புச் சுற்றுலா: எங்கே இடிக்கிறது?

பாரோ, திம்பு, புனாகா என்று போகும் வழக்கமான தொகுப்பில் காரும் வழிகாட்டியும் குறை சொல்ல முடியாதவை. சிக்கல் விலையில்தான். இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் நீடித்த வளர்ச்சிக் கட்டணம் (பூட்டான் அரசு சுற்றுலாப் பயணிகளிடம் வாங்குவது) அதில் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் வாக்காளர் அட்டை போதும், ஆதார் செல்லாது.

பெரிய சொதப்பல், பாரோ அருகே செங்குத்துப் பாறையில் இருக்கும் தக்சாங் மடத்தை இரண்டாம் நாளே வைப்பது. சுமார் 3,120 மீட்டர் உயரம். ஏறி இறங்க 5 மணி நேரமாவது பிடிக்கும். குதிரையும் (பாவம்!) பாதி வழிவரைதான். உடம்பு உயரத்துக்குப் பழகிய நான்காம் நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள். புனாகா போன்ற இடங்களில் உள்ள கோட்டை மடங்களுக்குள் நுழைய முழுக்கைச் சட்டை அவசியம்.

பாரோ விமான நிலையத்தில் விமானிகள் கண்ணால் பார்த்தே விமானத்தை இறக்குகிறார்கள். மேகம் கவிந்தால் தாமதம்தான். திரும்பும் அன்றே கொல்கத்தாவில் அடுத்த விமானம் போடாதீர்கள்.