சின்ன இங்காட் இரண்டா, எல் இங்காட் ஒன்றா? மெழுகு எடை 0.75ஐத் தாண்டும்போது

பல் லேபில் லித்தியம் டைசிலிகேட் என்ற செராமிக்கைச் சூட்டில் இளக்கி, அச்சுக்குள் அழுத்தி (பிரஸ்) கிரவுன், அதாவது பல்லுக்கு மேல் மாட்டும் உறை, செய்கிறவர்களுக்கு 0.75 கிராம் மனப்பாடமான எண். இ.மேக்ஸ் பிரஸ் என்ற பிராண்டில் மெழுகு எடை (மெழுகில் செய்த மாதிரியின் எடை) அதுவரை இருந்தால் சின்ன இங்காட் (செராமிக் கட்டி) ஒன்று போதும். அதற்கு மேல் 2 கிராம் வரை எல் (பெரிய) இங்காட், அதுவும் 200 கிராம் ரிங்கில், அதாவது அவ்வளவு அச்சு மாவு பிடிக்கும் வளையத்தில் மட்டும். வேறு கம்பெனி இங்காட் என்றால் அவர்கள் தரும் அட்டவணைதான் கணக்கு.

இரண்டு ஓரங்களிலும் யோசிக்க ஒன்றுமில்லை. தலைவலி 0.8க்கும் 1.3க்கும் நடுவில்தான். நான்கு கிரவுன், மொத்தம் 1.1 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல் ஒன்றைப் போட்டு ஒரே ரிங்கில் முடிக்கலாம்; இரண்டிரண்டாகப் பிரித்து, இரண்டு 100 கிராம் ரிங்கில் சின்ன இங்காட்டும் போடலாம். நான் பிரிக்கிற கட்சி.

செராமிக் செலவில் வித்தியாசம் இல்லை. சின்னது சுமார் 3 கிராம், எல் சுமார் 6. மெழுகைப்போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் செராமிக் உள்ளே போகும். 1.1 கிராம் மெழுகின் இடத்தை நிரப்ப ஏறக்குறைய 3 கிராம் ஆகும். எப்படிச் செய்தாலும் பாதி மிச்சம்.

அந்த மிச்சம் எங்கே, எப்படி உட்காருகிறது என்பதுதான் என்னை ஒரு பக்கம் சாய்த்தது. பிரஸ் முடிந்ததும் பிளஞ்சருக்கு (செராமிக்கை அழுத்தும் தண்டு) அடியில் நிற்கும் பட்டனைச் சொல்கிறேன். எல் போட்டால் 3 கிராமும் ஒரே கட்டியாக நிற்கும். மெல்லிய கிரவுன் சுவர் சீக்கிரம் குளிர்ந்துவிடும், தடித்த கட்டி மெதுவாகக் குளிரும். இரண்டையும் இணைப்பது செராமிக் உள்ளே போகும் வழியான ஸ்ப்ரூ மட்டும்தான்; இழுவிசை முழுக்க அங்கேதான் சேரும். இன்வெஸ்ட்மென்ட்டை (இறுகிய அச்சு மாவு) உடைத்து எடுத்த பிறகு ஸ்ப்ரூ கிரவுனில் சேரும் இடத்தை லென்ஸில் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். பிரித்துப் போட்டால் ஒவ்வொரு பட்டனும் ஒன்றரை கிராம்தான். ரிங் ஒன்று பிளந்தாலும் இரண்டு கிரவுனாவது கைக்கு மிஞ்சும். வெட்டிய பட்டனை மறுபடி பிரஸ் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். நான் செய்வதில்லை.

பிரிப்பதில் கஷ்டமும் உண்டு. பிரஸ் ஃபர்னஸை இரண்டு முறை ஓட்ட வேண்டும், பிளஞ்சரும் இரண்டு வேண்டும். பிரஸ்ஸுக்கு முன் மெழுகை எரித்து ரிங்கைச் சூடாக்க, 850 டிகிரியில் சின்ன ரிங்குக்குக் குறைந்தது 45 நிமிடம், பெரியதற்கு 60 என்பதால் கொஞ்ச நேரம் மிச்சமாகும்தான், ஆனால் இரண்டாவது பிரஸ் அதை விழுங்கிவிடும். வேலை குவிந்து கிடக்கும் நாளில் எல் போடுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1.3ஐத் தாண்டினால் நானும் எல்தான். மூன்று பல் பிரிட்ஜுக்கு 200 கிராம் ரிங்தான் வேண்டும். என் மேஜைக்கு அது அபூர்வம், அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

எந்தப் பக்கம் போனாலும் எடையில் ஸ்ப்ரூவையும் சேர்க்க வேண்டும். ரிங் பேஸின் ஓட்டையை மெழுகால் அடைத்து எடை பார்த்து, எல்லாம் ஒட்டிய பிறகு மறுபடி எடை பார்த்துக் கழித்தால் சரியான எண் வந்துவிடும். 3 மில்லிமீட்டர் தடிமன், 6 மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்ப்ரூ ஒன்று 0.04 கிராம். மூன்று போட்டால் 0.12. கிரவுனை மட்டும் நிறுத்து 0.70 என்று நிம்மதியாகச் சின்ன இங்காட் போட்டால் உண்மையில் 0.82 ஆகியிருக்கும், மார்ஜின் (கிரவுனின் விளிம்பு) நிரம்பாமல் நின்றுவிடலாம்.

மெழுகுக்குப் பதில் பிரிண்டரில் அச்சிட்ட ரெசின் பேட்டர்ன் (மாதிரி) என்றால் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. மெழுகைவிட ரெசின் அடர்த்தி அதிகம். அதே எடைக்கு இடம் குறைவாகத்தான் பிடிக்கும், செராமிக்கும் குறைவாகவே போகும். அப்படிப் பார்த்தால் 0.85 கிராம் ரெசின்கூடச் சின்ன இங்காட்டுக்குள் அடங்க வேண்டும். ஆனால் ரெசினில் என் கை இன்னும் பழகவில்லை, அதனால் அங்கேயும் 0.75ஐத் தாண்ட விடுவதில்லை.