நான்கு லட்சம் ரூபாய்க் கல்விக் கடன்: கட்டி முடித்தவரின் மதிப்புரை

திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் 2013ஆம் ஆண்டு நான் பெற்ற கல்விக் கடனின் கடைசித் தவணையைச் சென்ற ஆண்டு கட்டி முடித்தேன். பன்னிரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய ஒரு சேவையைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு உண்டு என்ற எண்ணத்தில், இந்த ஆண்டு பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடன் வாங்கிய கதையிலிருந்து தொடங்குகிறேன். கலந்தாய்வில், அரசு ஒதுக்கீட்டில், ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் படிப்பு கிடைத்தது. கல்விக் கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சம் என்று கணக்கிட்டு 4 லட்சத்துக்கு விண்ணப்பித்தோம். 4 லட்சம் வரை சொத்துப் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ முன்பணமோ தேவையில்லை என்பது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் அப்போது இருந்த விதி. இணைக் கடனாளியாக அப்பா கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். விதி அப்படியிருக்க, கிளையில் முதலில் கேட்டது வீட்டுப் பத்திரத்தை. விதியை அச்சிட்டு எடுத்துச்சென்று காட்டிய பிறகு பத்திரத்தைப் பற்றிய பேச்சு நின்றது. "அடுத்த வாரம் வாங்க" என்பது மட்டும் நிற்கவில்லை. குடும்ப அட்டை, வருமானச் சான்றிதழ், போனஃபைடு சான்றிதழ், கல்லூரியின் கட்டண விவரக் கடிதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, கல்லூரி பெயருக்கு முதல் டிமாண்ட் டிராஃப்ட் எடுத்துக் கொடுத்தபோது அக்டோபர் ஆகியிருந்தது. முதல் பருவக் கட்டணத்தை அதற்குள் அம்மாவின் கம்மலை அடகு வைத்துக் கட்டியிருந்தோம்.

அத்தனை தாள்களைப் பார்த்த அந்த மேசையில் ஒருவர்கூட, நான் சேர்ந்த கல்லூரியில் படித்தவர்களுக்கு வேலை கிடைக்கிறதா என்று கேட்கவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. 4 லட்சத்துக்கு ஒரு பொருளை வாங்குகிறோம். பணம் கொடுப்பவரும் பொருளைப் பார்க்கவில்லை, கடனைச் சுமக்கப்போகிறவரும் பார்க்கவில்லை. என் கருத்தில் இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை வட்டியன்று, இதுதான்.

வட்டிக்கு வருகிறேன். படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் காலத்து வட்டியை நடுவண் அரசு மானியமாகச் செலுத்தும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. இதன் மதிப்பு எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டால்தான் விளங்கும். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் வாங்கிய கடனுக்கு 10.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஐந்தாம் ஆண்டின் முடிவில் வட்டி மட்டும் 1,47,000 ரூபாய். மானியம் இல்லாதவர் 5,47,000 ரூபாய்க் கடனோடு தவணையைத் தொடங்குவார். ஏழாண்டில் அடைத்தால் மாதம் ஏறத்தாழ 9,200 ரூபாய், மொத்தம் ஏழே முக்கால் லட்சம்.

எனக்கு மானியம் வந்தது, இரண்டாம் ஆண்டு நீங்கலாக. அந்த ஆண்டு கிளையிலிருந்து கோரிக்கையே அனுப்பப்படவில்லை என்பது தவணை தொடங்கிய நாளில்தான் தெரிந்தது. நிலுவையில் 21,000 ரூபாய் கூடுதலாக நின்றது. எழுதிக் கொடுத்த இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. ஆகவே ஆண்டுதோறும் கணக்கு விவரத்தாளை வாங்கி, மானியம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2018க்குப் பிறகு இம்மானியம் தரச்சான்று பெற்ற கல்லூரிகளுக்கும் படிப்புகளுக்கும் மட்டுமே என்றாகிவிட்டதால், சேரும் முன்பே அதையும் விசாரிக்க வேண்டும். மானியத்துக்குத் தகுதி இல்லாதவர்கள் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் வட்டி விகிதத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு. இதை எங்கள் கிளையில் யாரும் தாமாகச் சொல்லவில்லை.

2018இல் தவணை தொடங்கியபோது மாதம் 7,100 ரூபாய். அப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளராக என் சம்பளம் 12,000. சம்பளம் ஏழாம் தேதி வரும், தவணை ஐந்தாம் தேதி எடுக்கப்படும். இந்த இரண்டு நாள் இடைவெளிக்காகவே அபராதம் கட்டியிருக்கிறேன். இரண்டு தவணைகள் தவறியதில், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண் இறங்கி, பிறகு பைக் கடன் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். திருப்பிச் செலுத்த 15 ஆண்டு வரை நீட்டிக்க இப்போது வழி இருக்கிறது. குறைந்த சம்பளத்தில் தொடங்குபவர்கள் நீண்ட காலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சம்பளம் ஏறிய பின் கூடுதலாகச் செலுத்தி அடைப்பதே நல்லது.

அதே தொழிற்சாலையில் என்னுடன் பத்தாம் வகுப்பு வரை படித்த நண்பன் ஒருவன் இருந்தான். அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து எனக்கு முன்பே வேலைக்கு வந்தவன். நான் சேர்ந்த நாளில் என்னைவிட அதிகச் சம்பளம், கடன் ஒரு ரூபாய்கூட இல்லை. 2019இல் நான் சென்னையில் மென்பொருள் வேலைக்கு மாறிய பிறகுதான் சம்பளத்தில் அவனை முந்தினேன். அந்த வேலைக்கு விண்ணப்பிக்கவே பி.இ. பட்டம் வேண்டியிருந்தது என்பதால், படிப்பு வீண் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்திருந்தால் அதே பட்டம் எனக்கு மூன்றாண்டுக் கடனில் கிடைத்திருக்கும்.

கடன் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கலந்தாய்வு இடமா நிர்வாக ஒதுக்கீடா என்பதைப் பொறுத்தது. 2017இல் நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தின்படி, தரச்சான்று பெற்ற படிப்புக்குக் கலந்தாய்வு இடத்தில் ஆண்டுக்கு 55,000, நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000 ரூபாய். இரண்டு மாணவர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே பட்டம் வாங்குகிறார்கள். முதல் வகைக்குக் கடன் வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். இரண்டாம் வகைக்கு, அதுவும் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சிப் பட்டியலில் அடியில் கிடக்கும் கல்லூரிக்கு, கடன் வாங்கவே வேண்டாம். சாலையோர விளம்பரப் பலகையில் உள்ள வேலைவாய்ப்பு எண்ணிக்கையை நம்பாமல், அந்தத் துறையில் சென்ற ஆண்டு முடித்த நான்கு பேரிடம் சம்பளச் சீட்டைப் பற்றிக் கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்கள் கடனைப் பற்றி யோசிக்கும் முன்பே 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பார்க்க வேண்டும். 2021 முதல் பொறியியலுக்கும் வந்துவிட்ட அதில் கட்டணத்தை மாநில அரசே ஏற்கிறது.

கடனுக்கு ஐந்தில் மூன்றரை மதிப்பெண், கிளையின் சேவைக்கு ஒன்றரை. 4 லட்சம் வாங்கி, மொத்தம் ஏறக்குறைய 5,96,000 ரூபாய் கட்டியிருக்கிறேன். அம்மாவின் கம்மலை 2019இல்தான் மீட்டோம். அந்த வட்டி இந்தக் கணக்கில் சேரவில்லை.