பென் போலாக்கின் ஆட்டக் கோட்பாட்டு வகுப்புகள்: ஒன்பதுக்கும் பத்துக்கும் ஒரு நோட்டு தேவை

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பென் போலாக் 2007இல் நடத்திய ஆட்டக் கோட்பாட்டு வகுப்புகள் (ஒருவருக்குக் கிடைக்கும் பயன் மற்றவர்களின் முடிவையும் சார்ந்திருக்கும் சூழல்களை ஆராயும் துறை), ‘ஓப்பன் யேல் கோர்சஸ்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மொத்தம் 24 வகுப்புகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி, மாணவர்களைக் கேள்வி கேட்டு இழுத்துச் செல்லும் பழைய பாணிப் பாடம்தான். ஆனாலும், ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் வரும் கலப்பு உத்திகளுக்காகவே, அதாவது ஒரே உத்தியில் நிற்காமல் பலவற்றை ஒரு விகிதத்தில் கலந்து ஆடும் முறைக்காகவே, இத்தொடரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

புளியங்கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு ‘ஒற்றையா இரட்டையா’ என்று கேட்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு, எதிராளி ஊகித்துவிடாதபடி மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எந்த விகிதத்தில் மாற்றுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எதிராளி எதைத் தேர்ந்தாலும் அவருக்குக் கிடைப்பது ஒன்றே என்னும்படி நம் விகிதம் அமைய வேண்டும் என்பதை, வீனஸ், செரீனா வில்லியம்ஸ் சகோதரிகளின் டென்னிஸ் ஆட்டத்தை வைத்துப் போலாக் படிப்படியாகக் கணக்கிட்டுக் காட்டுகிறார்.

பத்தாம் வகுப்பின் வரிக் கணக்கு அதைவிடச் சுவையானது. ஒழுங்காக வரி கட்டுபவருக்குப் பயன் 0. ஏமாற்றித் தப்பினால் 4, பிடிபட்டால் −10. அதிகாரிக்கோ, ஏமாற்றியவரைச் சோதித்துப் பிடித்தால் 4, நேர்மையானவரைச் சோதித்தால் 2; சோதிக்காமல் விட்டவர் நேர்மையானவராக இருந்தால் 4, ஏமாற்றுக்காரராக இருந்தால் 0. சமநிலையில், அதாவது தன் உத்தியை மட்டும் மாற்றி எவரும் கூடுதல் பயன் பெற முடியாத நிலையில், மூன்றில் இரண்டு பங்கினர் நேர்மையாக இருப்பார்கள். ஏழில் இரண்டு பங்கினர் சோதிக்கப்படுவார்கள். அபராதத்தை இரட்டிப்பாக்கி −20 என்று வைத்தால் என்ன ஆகும் என்ற இடத்தில் காணொளியை நிறுத்திவிட்டு, ‘ஏமாற்றுவோர் குறைவர்’ என்று நோட்டில் எழுதினேன். அது தவறு. நேர்மையாளர்களின் விகிதத்தைத் தீர்மானிப்பவை அதிகாரியின் பயன்கள். அவற்றில் எதுவும் மாறாததால் அந்த மூன்றில் இரண்டு பங்கு அப்படியே நிற்க, சோதனை மட்டும் ஆறில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. அபராதத்தை ஏற்றுவதால் அரசுக்கு மிச்சமாவது சோதனைச் செலவுதான் என்பதைச் சொல்லிக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இரண்டு வரிச் சமன்பாட்டை நானே போட்டுப் பார்த்தபோது வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

இவ்விரு வகுப்புகளுக்குப் பள்ளி இயற்கணிதம் போதும். வேறு சில வகுப்புகளில் நுண்கணிதமும் தலைகாட்டும். எடுத்துக்காட்டுகளில் பல அமெரிக்க மண்ணுக்குரியவை. பேஸ்பால் பகுதியில், விதிகள் புரியாமல் கணக்கை மட்டும் பின்தொடர்ந்தேன். சான்றிதழ் எதுவும் தரப்படுவதில்லை என்பதால், அதை எதிர்பார்ப்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம். பயிற்சிக் கணக்குகளும் அவற்றின் விடைகளும் தளத்திலேயே இருக்கின்றன. விடைத்தாளைத் திறக்காமல் முதல் முறையில் பாதிக் கணக்குகளைத்தான் என்னால் முடிக்க முடிந்தது.