மெயில் வந்தா சைட் மாறுற நோ-கோட் ஆட்டோமேஷன்: ஒரு வருஷம் ஓட்டுனவன் சொல்றேன், வருஷ பிளான் போடலாமா?

ராமேஸ்வரத்துல லாட்ஜ் வச்சிருக்கிற மாப்ள ஒருத்தன் நேத்து கேட்டான், "மச்சான், அந்த டூலு வருஷ பிளான் ஆஃபர்ல போகுதாம்ல, நீ ரொம்ப நாளா வச்சிருக்கியே, போட்றலாமா?"ன்னு. போன்ல சொன்னா பாதியில கட் பண்ணிருவான், அதனால எழுதியே போட்டுடறேன். கோடு எழுதாமலே மெயில், ஷீட், சைட்டுன்னு ஒண்ணோட ஒண்ணைக் கோர்த்து தானா ஓட விடுற டூல் அது, பேரு போடல, திட்டப் போறேன்ல, அதான். டெப்ளாய் ஹூக்குன்னா, தட்டுனா சைட்டைப் புதுசா கட்ட வைக்கிற ஒரு யூஆர்எல்; வெப்ஹூக்குன்னா, ஏதாச்சும் நடந்ததும் ஒரு சர்வீஸ் இன்னொண்ணுக்குத் தானா அனுப்புற தகவல். இதுக்கு மேல விளக்கப் போறதில்ல.

நான் ஓட்டுறது இதான். மண்டபம் பக்கம் நீலக்கால் நண்டு கொள்முதல் பண்ற அண்ணன் ஒருத்தருக்கு ஒரே ஒரு பக்கம் உள்ள சைட், பெருசு என்ன ரேட், சின்னது என்ன ரேட், உடைஞ்சது என்ன ரேட், அவ்வளவுதான். நண்டு கம்பெனி கணக்குப்பிள்ளை விடியக்காலைல ரேட்டை மெயில்ல அனுப்புவார், வாட்ஸாப்ல கேட்டா தரமாட்டார், மெயில்ல இருந்தாத்தான் கணக்காம். அந்த மெயில் வந்ததும் டூல் அதை வரி வரியா பிரிச்சு கூகுள் ஷீட்ல போட்டு ஹோஸ்டிங்கோட டெப்ளாய் ஹூக்கைத் தட்டும், ஹோஸ்டிங் ஷீட்டைப் படிச்சு சைட்டைப் புதுசா கட்டி ஏத்திரும். வள்ளத்துல வர்றவங்க கரை ஏறுறதுக்கு முன்னாடியே போன்ல ரேட்டைப் பாத்துட்டுத்தான் யார்கிட்ட போடுறதுன்னு முடிவு பண்றாங்க. இதுல கோடுன்னு நான் எழுதுனது சைட்டுக்கு மட்டும்தான், மிச்சமெல்லாம் இழுத்து விட்டு கோர்த்தது.

இப்ப என் வயித்தெரிச்சல். பச்சை டிக்.

ஒவ்வொரு தடவை ஓடி முடிச்சதும் டூல் ஒரு பச்சை டிக் போட்டு "வெற்றி"ங்குது. எதுல வெற்றி? ஹூக்கைத் தட்டுனதுல வெற்றி. அந்தப் பக்கம் சைட் உண்மையிலேயே மாறுச்சா, நடுவுல பில்டு, அதாவது சைட்டைக் கட்டுற வேலை, செத்துப் போச்சான்னு அதுக்குத் தெரியவும் தெரியாது, தெரிஞ்சுக்கணும்னு அக்கறையும் கிடையாது. டெப்ளாய் ஹூக்குன்னாலே தட்டுனவுடனே "சரி, வாங்கிக்கிட்டேன்"னு பதில் சொல்லிட்டு, வேலையை அதுக்கப்புறம்தான் செய்யும். வெர்செல்ங்கிற ஹோஸ்டிங் அனுப்புற பதிலைத் திறந்து பாத்தீங்கன்னா அதுலயே "பெண்டிங்"னுதான் போட்டிருக்கும். வெப்ல ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற ஹெச்டிடிபி முறையில இதுக்குன்னே 202-ன்னு ஒரு பதில் எண் இருக்கு, ஏத்துக்கிட்டேன் ஆனா இன்னும் முடிக்கலங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். இத்தனையும் இருக்கையில டூல்காரன் 2-ல ஆரம்பிக்கிற எல்லா பதிலுக்கும் பச்சை அடிச்சு விடுறான். ஒரு மஞ்ச கலர் வச்சா என்ன குறைஞ்சு போகும்?

இதுல என்ன வம்புன்னா, முன்கூட்டியே கட்டி வச்ச பக்கத்தை அப்படியே காட்டுற இப்ப உள்ள ஸ்டாட்டிக் ஹோஸ்டிங் எல்லாம் பில்டு ஃபெயில் ஆனா பழைய சைட்டை அப்படியே ஓட விட்டுடும். அது நல்ல குணம்தான், சைட் டவுன் ஆகாது. ஆனா ரேட் போடுற சைட்டுக்கு அதுவே வினை. ஒருநாள் கணக்குப்பிள்ளை சின்ன நண்டுக்கு ரேட்டைக் குறைச்சு எழுதிட்டு, பெருசுக்கு நேர எண் போடாம "நேத்து ரேட்டுதான்"னு எழுதி அனுப்பிட்டார். மனுசனுக்குப் புரியும், எண் வர்ற கட்டத்துல எழுத்து வந்தா பில்டு நின்னுடும், நின்னுச்சு. டூல்ல பச்சை டிக். சைட்ல சின்ன நண்டுக்கு நேத்து உள்ள கூடின ரேட். வள்ளக்காரங்க அதைப் பாத்துட்டு நண்டைக் கொண்டாந்து இறக்க, இங்க தராசுல வேற ரேட்டு சொல்ல, "உங்க சைட்ல நீங்களேதான போட்டிருக்கீங்க"ன்னு அண்ணனை வளைச்சுக்கிட்டாங்க. அண்ணன் எனக்குப் போன் போட்டு, "தம்பி, உன் டிக்குக்கு நான் காசு குடுக்க முடியாதுப்பா"ன்னார். அன்னைக்கு அவருக்கு வித்தியாசம் கைவிட்டுத்தான் போச்சு.

இதுக்கு வழி இருக்கு. ஹோஸ்டிங் பக்கத்துல டெப்ளாய் ஃபெயில் ஆனா தகவல் அனுப்புன்னு ஒரு செட்டிங் இருக்கும், நெட்லிஃபைங்கிற ஹோஸ்டிங்ல மெயிலாவும் வாங்கலாம் வெப்ஹூக்காவும் வாங்கலாம். அந்த வெப்ஹூக்கைத் திருப்பி இதே டூலுக்குக் குடுத்து, ஃபெயில்னா அண்ணனுக்கும் எனக்கும் டெலிகிராம்ல மெசேஜ் போற மாதிரி இன்னொரு ஒர்க்ஃப்ளோ, அதாவது தானா ஓடுற ஸ்டெப்புகளோட கோர்வை, போட்டேன். நல்லா வேலை செய்யுது. ஆனா அந்த ஒர்க்ஃப்ளோவோட ஒவ்வொரு ஸ்டெப்பும் பிளான்ல மாசத்துக்கு இவ்வளவுன்னு குடுக்குற என் கோட்டால கழியுது. பொய்யைச் சொல்றதுக்கும் காசு, அது பொய்தான்னு சொல்றதுக்கும் தனியா காசு.

சரி, நல்லதையும் சொல்லணும், இல்லாட்டி பாவம். நான் எதிர்பாக்காத ஒண்ணு அதோட ஹிஸ்டரி. எந்த மெயில் எத்தனை மணிக்கு வந்துச்சு, உள்ள எழுதியிருந்தது எழுத்து மாறாம என்ன, எந்த ஸ்டெப்புக்கு என்ன போச்சு என்ன வந்துச்சு, எல்லாம் அப்படியே கெடக்குது. கம்பெனிக்காரங்க ஒருதடவை "நாங்க அந்த ரேட்டு அனுப்பவே இல்ல"ன்னாங்க, அண்ணன் போனைத் திறந்து காட்டுனார், பேச்சு அதோட முடிஞ்சுது. கணக்கு நோட்டை விட அதைத்தான் இப்ப நம்புறார். ரீப்ளே பட்டன் இன்னும் அருமை, எங்க தப்போ அதைச் சரி பண்ணிட்டு அதே மெயிலை மறுபடி ஓட விட்டா போதும், கணக்குப்பிள்ளையை எழுப்பி "திரும்ப அனுப்புங்கண்ணே"ன்னு கெஞ்ச வேண்டியதில்ல. என்ன, சின்ன பிளான்ல ஹிஸ்டரியைக் கொஞ்ச நாள்தான் வச்சிருப்பான், அப்பப்ப எடுத்து வச்சுக்கணும்.

மெயிலை எப்படி உள்ள எடுக்குறதுங்கிறதுல ஒரு விஷயம். மெயில்பாக்ஸை கனெக்ட் பண்ணா, சின்ன பிளான்ல 15 நிமிஷத்துக்கு ஒருதடவைதான் எட்டிப் பாக்கும், போதாததுக்கு அப்பப்ப பெர்மிஷன் போயிடுச்சு மறுபடி லாகின் பண்ணுங்கும். அதை விட்டுட்டு டூலே குடுக்குற மெயில் ஐடிக்கு ஜிமெயில்லேர்ந்து ஆட்டோ ஃபார்வர்ட் போட்டுடுங்க, வந்த உடனே ஓடும். ஜிமெயில் அந்த ஐடிக்கு ஒரு கன்ஃபர்மேஷன் கோடு அனுப்பும், அதையும் டூலோட ஹிஸ்டரியிலேயே பாத்து எடுத்துக்கலாம். அப்புறம், நேத்து மெயிலுக்கே ரிப்ளை போட்டு இன்னைக்கு ரேட் அனுப்புற ஆளா இருந்தா கீழ நேத்து ரேட்டும் ஒட்டிக்கிட்டு வரும், அந்தப் பழைய பகுதியை வெட்டி எறியுற ஸ்டெப் ஒண்ணு கட்டாயம் வேணும். ஷெட்யூல் ஏதாச்சும் வச்சா டைம்சோனைப் பாத்துக்கங்க, யுடிசி-ங்கிற உலகப் பொது நேரத்துல இருந்தா காலைல 6 மணிக்குன்னு வச்சது நம்மூர்ல 11:30-க்கு ஓடும், அதுக்குள்ள நண்டு ஐஸ்ல ஏறி லாரி போயிருக்கும்.

காசு விஷயத்துல இவங்க கணக்கு நம்ம கடலுக்கு ஒத்து வராது. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை, நாட்டுப்படகு மட்டும் போகும், வரத்து குறைஞ்சு ரேட் தாறுமாறா ஏறும், காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு மெயில் வரும், கோட்டா மாசம் முடியுறதுக்கு முன்னாடியே காலி. வாடைக் காலத்துல புயல் கூண்டு ஏத்திட்டா நாள்கணக்கா கொள்முதலே கிடையாது, ஒர்க்ஃப்ளோ சும்மா கெடக்கும், மிஞ்சுன கோட்டா அடுத்த மாசத்துக்கு வராது. ஸ்டெப்புக்கு ஒண்ணுன்னு எண்ணாம ஒரு ஓட்டத்துக்கு ஒண்ணுன்னு எண்ணுற இடமும் இருக்கு, என்8என்ங்கிற இதே மாதிரி டூலோட கிளவுட் சர்வீஸ் அப்படித்தான், நம்ம சொந்த சர்வர்லயே போட்டுக்கவும் விடுறாங்க. ஆனா சொந்த சர்வர்னா ராத்திரி அது படுத்துட்டா எழுப்புறது நீதான்.

ஆக மாப்ள, வேலை செய்யுது, பெரும்பாலும் ஒழுங்காத்தான் செய்யுது, இதை எடுத்துட்டா அண்ணன் பழையபடி போர்டுல சாக்பீஸ்ல எழுதணும், அதுக்கு அவரும் ஒத்துக்க மாட்டார் நானும் ஒத்துக்க மாட்டேன். இருந்தாலும் நீ வாங்காத. ஏன்னா இன்னைக்குக் காலைலயும் ஒரு பச்சை டிக் பாத்தேன், சைட் மாறல, அந்தக் கடுப்புலதான் சொல்றேன், போன வாரம் கேட்டிருந்தா போட்றான்னு சொல்லியிருப்பேன். போட்டே தீருவேன்னா மாசாமாசம் கட்டு, ஆஃபர்னு ஒரு வருஷத்துக்கு மாட்டிக்காத.

யார் எதை வாங்குனாலும் ஒண்ணு மட்டும் செய்ங்க. டெப்ளாய் ஹூக் யூஆர்எல்லுக்கு வேற பூட்டு கிடையாது, அது தெரிஞ்ச எவனும் உங்க சைட்டை பில்டு பண்ண வைக்கலாம், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டுறாதீங்க. அனுப்புனவர் பேரை மட்டும் பாத்து மெயிலை நம்பவும் நம்பாதீங்க, அதை யாரு வேணாலும் போலியா போடலாம். மெயில் ஹெடர்ல ஆத்தென்டிகேஷன் ரிசல்ட்ஸ்னு ஒரு வரி இருக்கும், அதுல டிகிம் (அந்த டொமைன்தான் அனுப்புச்சுன்னு காட்டுற டிஜிட்டல் கையெழுத்து) பாஸ், டொமைனும் கம்பெனியோடதுன்னு இருந்தா மட்டும் உள்ள விடுற மாதிரி ஃபில்டர் போட்டு, சப்ஜெக்ட்ல ஒரு ரகசிய வார்த்தையும் வச்சுக்கங்க. கணக்குப்பிள்ளை அதை மறந்துட்டார்னா அன்னைக்கு ரேட் ஏறாது, அவ்வளவுதானே, போன் போட்டுக் கேட்டுக்கலாம்.