எதிரணிக்கும் கைதட்டும் கடை: ஹட்டனில் ஆட்டம் பார்க்க ஓரிடம்

ஹட்டன் புகையிரத நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இயங்கும் தேநீர்க்கடை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாமென்று முதலாளி கேட்டுக்கொண்டதால் அதைத் தவிர்க்கிறேன். கடைத்தெருவில் 'மேட்ச் போடுற கடை' என்று விசாரித்தால் வழி காட்டுவார்கள். சாப்பிடுவதற்காக மட்டும் ஏறிப் போகுமளவுக்கு இங்கே விசேஷம் எதுவும் இல்லை. பிளேன்டீ இஞ்சி மணத்தோடு நன்றாகக் கடுத்து வருகிறது. உளுந்து வடை சூடாக இருக்கும்வரை சுவையானது. ஆட்டம் உள்ள இரவுகளில் கொத்து ரொட்டியை மொத்தமாகப் போட்டு வைத்துவிடுவதால் அது ஆறிப்போய்த்தான் மேசைக்கு வருகிறது. ஆனால் விளையாட்டைப் பார்ப்பது எப்படி என்பதைப் பற்றி இவ்வளவு தூரம் யோசித்து நடத்தப்படும் கடையை மலையகத்தில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

கல்லாவுக்கு மேலே ஓர் அட்டையில் கடையின் வழக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. பந்தயம் கட்டக்கூடாது, நடுவரின் தீர்ப்பைப் பற்றிய வாக்குவாதம் ஆட்டம் முடிந்த பிறகுதான், நல்ல பந்தும் நல்ல அடியும் எந்த அணியுடையதானாலும் கைதட்டுப் பெறும். கடைசி வழக்கம் புதியவர்களைத் திகைக்க வைக்கிறது. இலங்கையின் முன்வரிசைத் துடுப்பாட்ட வீரரை எதிரணிப் பந்துவீச்சாளர் அருமையான பந்தொன்றால் வீழ்த்தும்போது, தொண்டை அடைத்துப்போகும் அந்த நொடியிலேயே இங்குள்ளவர்கள் கைதட்டுகிறார்கள். அட்டைக்குக் கட்டுப்பட்டுத் தட்டுகிறார்கள் என்று முதலில் தோன்றும். சில ஓவர்கள் உட்கார்ந்திருந்தால் அந்த ஒலியில் வருத்தமும் வியப்பும் கலந்திருப்பது காதுக்குப் புலப்படும்.

ஒன்றை அழகென்று காண வேண்டுமானால் அதனால் நமக்கு என்ன ஆதாயம் என்ற எண்ணம் விலகியிருக்க வேண்டும் என்று ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட் 1790இல் வாதிட்டார். அப்படியானால், தன் அணி வெல்ல வேண்டுமென்று தவிக்கும் ரசிகர் ஆட்டத்தின் அழகைக் காணவே இயலாது என்றாகிவிடும். இதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. எந்தப் பக்கமும் சாராதவருக்கு அச்சம் இல்லை, அச்சம் இல்லாதவருக்குக் கடைசி ஓவரின் உவகையும் இல்லை. தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளில், இவ்விரண்டும் மருட்கை என்னும் வியப்புக்கும் பெருமிதத்துக்கும் சமமாகவே இடம் பெற்றுள்ளன. ரசிகரின் பற்றைப் பறிக்காமல், அந்தப் பற்று கண்ணை மறைத்துவிடாதபடி மட்டும் இந்தக் கடை பார்த்துக்கொள்கிறது. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனின் ஆற்றலைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், அதே பாட்டில், முதுகில் பட்ட புறப்புண்ணுக்கு நாணி, உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்ட சேரனைச் சுட்டி 'நின்னினும் நல்லன் அன்றே' என்று வென்றவனிடமே கேட்டார். புறநானூற்றின் 66ஆம் பாட்டான அது கரிகாலனின் வெற்றியை மறுக்கவில்லை. வெற்றி தீர்த்துவைக்காத கேள்வி ஒன்று மிச்சமிருப்பதை அவனுக்கே காட்டுகிறது.

நேரடி ஆட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஆட்டங்களின் பதிவுகளைப் போடுகிறார்கள். பார்த்து முடித்த பின் தேநீரோடு பேச்சு தொடங்குகிறது. நான் இருந்த பேச்சுகளில் மிகவும் கனமானது இலங்கையின் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சைப் பற்றியது. கண்டியில் பிறந்தவர், தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த ஒருவரின் பேரன் என்பதால் இங்கே அவரைப் பற்றிப் பேசும்போது எல்லாக் குரல்களும் சற்று உயரும். 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயார் அவர் பந்தை வீசாமல், வளைத்த முழங்கையை நிமிர்த்தி எறிவதாகக் கூறி 7 முறை 'நோ போல்' அறிவித்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் நடுவர் ரொஸ் எமர்சன் அதையே செய்தபோது, இலங்கைத் தலைவர் அர்ஜுன ரணதுங்க எதிர்ப்புக் காட்டித் தன் அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார்.

முரளிதரனின் முழங்கை பிறப்பிலேயே முழுமையாக நீளாதது. வளைந்த கை, சுழலும் மணிக்கட்டு, அதிவேகமாகத் திரும்பும் தோள் ஆகியவை சேர்ந்து, நிமிர்த்தாத கையை நிமிர்த்தியது போலக் காட்டின. கண்ணுக்குப் பழக்கமில்லாத ஓர் உருவத்தை மனம் முதலில் அழகற்றதாகவும், பிறகு குற்றமாகவும் எடுத்துக்கொண்டது என்பதே என் கருத்து. மருட்கை பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவதாகப் புதுமையைச் சொல்கிறது தொல்காப்பியம். அதே புதுமை சிலரிடம் வியப்பையும் சிலரிடம் வெறுப்பையும் எழுப்பியது. வெறுத்தவர்கள் தங்கள் வெறுப்பை விதியின் மொழியில் சொன்னார்கள். மற்றப் பந்துவீச்சாளர்கள் பலருடைய முழங்கையும் பந்தை விடுவிக்கும்போது ஓரளவு நீள்கிறது என்று அளவீடுகள் காட்டிய பின்னர், 2005இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை முழங்கை நீள்வதற்கு எல்லாருக்கும் 15 பாகை என்ற ஒரே எல்லையை வகுத்தது.

இந்த இடத்தில் கடையின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். 2004இல் முரளிதரனின் 'தூஸ்ரா' பந்து, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திரும்பும் பந்து, அன்றிருந்த எல்லையை மீறியதாகவே அளவிடப்பட்டது என்பதை அன்று ஓர் இளைஞர் எழுந்து சொன்னபோது யாரும் அவரை உட்கார வைக்கவில்லை. நம்மவர் என்பதற்காக அளவுகோலை ஒளித்துவைத்தால், 1995இல் கண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொன்னவர்களோடு நாமும் சேர்ந்துவிடுவோம் என்றார் அவர். 2010இல் காலியில் தன் கடைசி டெஸ்ட் பந்தில் 800ஆவது விக்கெட்டை முரளிதரன் எடுக்கும் காட்சிக்கு அதற்குப் பிறகு எழுந்த கைதட்டு, எதையும் மறைக்காமல் எழுந்தது என்பதால் எனக்கு இன்னும் இனிமையாகக் கேட்டது.

2023 நவம்பர் 6 அன்று டில்லியில் இலங்கை வீரர் அஞ்சலோ மத்தியூஸ் ஆட்டமிழந்த முறையைப் பற்றிய பேச்சு வேறு விதமாகச் சென்றது. தலைக்கவசத்தின் பட்டி அறுந்து, 2 நிமிடங்களுக்குள் பந்தை எதிர்கொள்ளத் தயாராகாததால், பங்களாதேஷ் தலைவர் ஷகிப் அல் ஹசனின் முறையீட்டின் பேரில் அவர் வெளியேற்றப்பட்டார்; சர்வதேச கிரிக்கெட்டில் அவ்வாறு ஆட்டமிழந்த முதல் வீரர் அவரே. விதி விதிதான் என்றது ஒரு தரப்பு. விதி கொடுக்கும் உரிமையை எல்லாம் பயன்படுத்தியே தீர வேண்டுமா என்றது மறு தரப்பு. நான் இரண்டாவது தரப்பின் பக்கம். நேரத்தை வீணாக்குவதைத் தடுக்க எழுந்த விதியை, அறுந்த பட்டியோடு நின்றவர் மீது பயன்படுத்துவது குற்றமாகாது, பெருந்தன்மையும் ஆகாது. அன்று மாலை ஒரு முதியவர் சொன்னது இதைவிட முக்கியமாகப் பட்டது. அதே ஆட்டத்தில் சரித் அசலங்க 108 ஓட்டங்கள் எடுத்ததை ஒருவரும் நினைவுகூரவில்லையே என்று அவர் வருந்தினார். ஒரு நாள் முழுவதையும் ஒரு சச்சரவு விழுங்கிவிடும்போது, அதே நாளில் பிறந்த அழகுக்கும் அநீதி நடக்கிறது.

உதைபந்தாட்டப் பதிவுகள் குறைவு. 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோவில் மரடோனா முதலில் கையாலும், 4 நிமிடங்களுக்குப் பிறகு தனியாளாக ஓடிப் பலரைக் கடந்தும் இங்கிலாந்துக்கு எதிராக அடித்த கோல்களைக் காட்டினார்கள். நீச்சற்குளத்தில் பாய்பவருக்கு எப்படிப் பாய்கிறார் என்பதே இலக்கு, உதைபந்தாட்டத்தில் கோல் எப்படி விழுந்தாலும் கோல்தான் என்று பிரித்துக் காட்டியவர் டேவிட் பெஸ்ட் என்ற மெய்யியலாளர். அந்தப் பிரிவினையை வைத்துப் பார்த்தால், இரண்டாவது கோலின் அழகு முதல் கோலின் பிழையால் கறைபடுவதில்லை. அவ்வழகைக் காட்டி முதல் கோலை மன்னிக்கவும் வழியில்லை.

பந்தயத் தடையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஆட்ட இடைவேளைகளில் வெளிநாட்டுப் பந்தய நிறுவனங்களின் விளம்பரம் வந்தால் முதலாளி ஒலியை நிறுத்திவிடுகிறார். ஆட்டத்தின் போக்கைப் பணத்துக்காக முன்கூட்டியே தீர்மானிக்கும் ஆட்ட நிர்ணயத்தைக் குற்றமாக்கும் சட்டத்தை 2019இல் தெற்காசியாவில் முதலாவதாக இலங்கை இயற்றியிருந்தாலும், சிறிய நகரங்களில் பணம் கைமாறுவதைச் சட்டம் எட்டிப் பார்ப்பது அரிது. கடைக்கு வழக்கமாக வரும், காமன் எரிந்த கதையை ஆடும் காமன்கூத்தின் வாத்தியார் ஒருவர் இதை விளக்கிய விதம் எந்த நூலிலும் நான் வாசித்திராதது. "காமன் எரிவான்னு தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும் தம்பி. தெரிஞ்சும் ரதி அழும்போது நாமளும் அழுவுறோம். மேட்ச்சுல முடிவு ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா, மத்தவங்க கண்ணீரை அவன் திருடிட்டான்னுதானே அர்த்தம்?" மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் அந்தக் கூத்தில் ஆடுபவர்களும் பார்ப்பவர்களும் முடிவை ஒன்றாக அறிந்திருக்கிறார்கள், யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. சினிமாவும் அப்படித்தான். ஆட்டத்தின் அழகோ, முடிவை எவரும் அறியாதிருப்பதில் ஊன்றியிருக்கிறது. விலைக்குப் போன ஆட்டம் ஒன்றில் தவறவிட்ட பிடியை நாம் அன்று துயரத்தோடு பார்த்திருந்தால், உண்மை வெளியான பின் அந்தத் துயரமே பொருளற்றுப் போகிறது. கண்முன் நடந்த அசைவுகள் மாறாமலிருக்க, அவற்றின் அழகு மட்டும் பின்னோக்கி அழிந்துபோவதை விளையாட்டில்தான் காண்கிறோம்.

குறைகளும் உண்டு. மேசைகள் நெருக்கமானவை, படிக்கட்டு செங்குத்தானது, முதியவர்களுக்குச் சிரமம். பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் கடைசி பஸ்ஸுக்காகப் பகலிரவு ஆட்டங்களின் முடிவைப் பார்க்காமலே எழ வேண்டியிருக்கிறது.

எனக்குப் பொறுக்க முடியாத குறை வேறொன்று. பெண்களின் ஆட்டங்களை மூலையிலுள்ள சிறிய தொலைக்காட்சியில்தான் போடுகிறார்கள். 2024 ஏப்ரலில் தென்னாபிரிக்காவின் பொட்செப்ஸ்ட்ரூமில் இலங்கை வீராங்கனை சமரி அத்தபத்து ஆட்டமிழக்காமல் 195 ஓட்டங்கள் எடுத்து, 302 என்ற இலக்கைக் கடக்க வைத்தார். அதே ஆண்டு ஜூலையில் தம்புள்ளையில் இந்தியாவை வென்று இலங்கைப் பெண்கள் ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றினார்கள். எதிரணியின் அழகுக்கே கைதட்டக் கற்றுக்கொடுக்கும் கடை, சொந்த நாட்டுப் பெண்களின் அழகை மூலைக்கு ஒதுக்குவது அதன் அட்டையிலுள்ள வழக்கத்துக்கே முரணானது. கூட்டம் வருவதில்லை என்கிறார் முதலாளி. சிறிய திரைக்கு முன்னால் கூட்டம் எப்படிக் கூடும் என்று கேட்டேன். முதல் நாளே யாராவது வந்து கேட்டால் பெரிய திரையில் போடுவதாக இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார். பெண்கள் அணி ஆடும் நாள்களில் அங்கே செல்ல நினைப்பவர்கள் முதல் நாளே போய்க் கேட்டுவிடுங்கள்.