தாடை உடைந்தால் கம்பியா, பிளேட்டா?

என் பங்காளிக்குக் கம்பி, எனக்கு பிளேட். ஒரே வருஷத்தில் இரண்டு தாடை. தை மாசம் சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு தட்டியது அவனை. ஆனியில் திருப்பத்தூர் ரோட்டில் ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போய் விழுந்தது நான். இப்போது யாருக்கு அடிபட்டாலும் எது நல்லது என்று எங்களிடம்தான் கேட்கிறார்கள்.

முதல் இரண்டு மாசத்தை வைத்துச் சொன்னால் பிளேட்தான். கம்பி என்றால் மேல்பல் வரிசையிலும் கீழ்வரிசையிலும் ஆர்ச் பார் என்ற பட்டையைக் கட்டி, இரண்டையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள், வாய் திறக்காது. பொதுவாக 4 முதல் 6 வாரம். அவனுக்குக் காதுக்கு முன்னால் இருக்கிற மூட்டுப் பக்கம் முறிவு, ரொம்ப விலகவும் இல்லை, அதனால் 3 வாரத்தில் தளர்த்தி ரப்பர் மாட்டினார்கள். அந்த 3 வாரம் இருக்கிறதே! அவன் கல்யாண சமையல் மாஸ்டர். உப்புப் பார்க்க நாக்கை நீட்ட முடியாது, கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் உள்ள சந்தில் குழம்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தான். ஆத்தா கும்மாயத்தைப் பாலில் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தும் 6 கிலோ இறங்கிவிட்டான். ராத்திரி தலைமாட்டில் கம்பி வெட்டும் கட்டர் இருக்கும். வாந்தி வந்தால் வெளியே வர வழி வேண்டுமே.

எனக்கு வாய்க்குள்ளேயே கீறி டைட்டானியம் பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்கியதால் வெளியே தழும்பு இல்லை, மூன்றாம் நாளே பேச்சு. ஆனால் பிளேட் எலும்பைப் பிடித்துக்கொள்ளுமே தவிர, கூடுகிற காலத்தைக் குறைக்காது. 6 வாரம் இடியாப்பம், குழைந்த சோறு. சீடையைக் கண்ணால் பார்த்ததோடு சரி.

அப்புறம்தான் கணக்கு மாறுகிறது. கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே உதட்டுக்குப் போகிற நரம்பு ஓடுகிறது. முறிவிலேயே நசுங்கலாம், ஆபரேஷனிலும் இழுபடலாம். எனக்கு இடது கீழுதடு 8 மாசம் மரத்துக் கிடந்தது. காபி வழிந்தாலும் தெரியாது, சவரத்தில் வெட்டுப்பட்டால் ரத்தத்தைக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரியும். அவனுக்கு அந்தத் தொல்லை இல்லை, வாய்தான் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் செருகி, இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாகக் கூட்டிக் கூட்டி மூன்று விரலுக்குக் கொண்டுவந்தான்.

வாழ்க்கைத் தரத்தை அளக்க ஓஹிப்-14 என்று 14 கேள்வித் தாள் ஒன்று உண்டு: உச்சரிப்பு தடுமாறுகிறதா, ருசி குறைந்ததா, சாப்பாட்டைப் பாதியில் நிறுத்துகிறீர்களா, நாலு பேர் முன்னால் கூச்சமா. முதல் மாசம் கேட்டிருந்தால் எனக்குத்தான் நல்ல மார்க். ஒரு வருஷம் கழித்து அவன் என்னை முந்தியிருப்பான்.

நாமாகத் தேர்ந்தெடுப்பதும் குறைவுதான். எலும்பு நன்றாக விலகியிருந்தால் பெரும்பாலும் பிளேட்தான் சொல்வார்கள். பிளேட் வைத்துக்கொண்டு சிகரெட் பிடித்தால் சீழ் வைக்க வாய்ப்பு அதிகம், கழற்ற இன்னொரு ஆபரேஷன். கம்பிக்குப் பல நேரம் அந்த இடத்தை மரக்கவைத்தாலே போதும், செலவும் குறைவு.

செலவு என்றதும் ஒன்று. அரசுச் செலவில் சிகிச்சை தருகிற, 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் வந்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்துக்கு மட்டும், அதுவும் முதல் 48 மணி நேரத்துக்கு. மாடு முட்டினால் கிடையாது. வீக்கம் வடியட்டும் என்று பிளேட் ஆபரேஷனைத் தள்ளிவைத்தால் அந்த நேரம் தாண்டிவிடும், முதல்வர் காப்பீட்டில் வருமா என்று சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.