டெக்சஸில் கவுன்சிலர் ஆக: எல்.பி.சி.யா, எல்.சி.எஸ்.டபிள்யூ.வா?

டெக்சஸில் கவுன்சிலிங் உரிமம் வாங்க நினைக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் குழம்புகிறார்கள். முதலாவது எல்.பி.சி. (உரிமம் பெற்ற தொழில்முறைக் கவுன்சிலர்), கவுன்சிலிங் படித்து வருவது; இரண்டாவது எல்.சி.எஸ்.டபிள்யூ. (உரிமம் பெற்ற கிளினிக்கல் சமூகப்பணியாளர்), சமூகப்பணி வழி. அறைக்குள் உட்கார்ந்து செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

எல்.பி.சி.க்கு 60 கிரெடிட் முதுகலை வேண்டும். மற்றதற்கு அங்கீகாரம் பெற்ற எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை). சென்னையிலேயே எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு வந்தவருக்குக் கதையே வேறு. அமெரிக்கச் சமூகப்பணிக் கல்விக் கவுன்சில் வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிட்டுச் சான்று தருகிறது. இணையானது என்று வந்துவிட்டால் மறுபடி கல்லூரி வாசலை மிதிக்க வேண்டாம். அப்படிப்பட்டவர் எல்.பி.சி. பக்கம் போவதை நான் பணவிரயம் என்றே சொல்வேன்.

தேர்வுகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், படித்தால் எழுதிவிடலாம். ஆளைப் பிழிவது 3,000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சிதான். இரண்டுக்கும் அதே 3,000. ஆனால் எல்.பி.சி.க்குக் குறைந்தது 18 மாதம், எல்.சி.எஸ்.டபிள்யூ.வுக்கு 24 மாதம். எல்.பி.சி.யில் இன்னொரு கொக்கி: அந்த 3,000-இல் 1,500 மணி நேரம் ஆட்களோடு நேரடியாகப் பேசியதாக இருக்க வேண்டும். இந்த 1,500-ஐ 18 மாதத்தில் முடிக்க வாரம் சுமார் 19 மணி நேரம். நேரம் வாங்கிவிட்டு ஆள் வராமல் போனால் அது கணக்கில் சேராது. மேற்பார்வையாளருக்குக் கைக்காசு கொடுப்பவர்களும் உண்டு.

சரி, விசா? எஃப்-1 மாணவருக்கு வழக்கமான ஓ.பி.டி. (படிப்பு சார்ந்த தற்காலிக வேலை அனுமதி) 12 மாதம்தான், 18 மாதம் அதில் அடங்காது. எச்-4-இல் (எச்-1பி ஊழியரின் துணைவருக்கான விசா) படிக்கலாம், ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளத்துக்குப் பயிற்சி எடுக்க முடியாது. கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வேலை வாய்ப்பில் சமூகப்பணிக்காரருக்குக் கதவுகள் அதிகம்: மருத்துவமனை, ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு), குழந்தைகள் நலத்துறை. மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) எல்.பி.சி.களுக்குப் பணம் தர ஆரம்பித்ததே 2024 ஜனவரியில்தான், எல்.சி.எஸ்.டபிள்யூ.வுக்கு அது பல வருடமாக உண்டு. தனி கிளினிக் ஒன்றே கனவு என்றால் எல்.பி.சி. போதும், ஆறு மாதமும் மிச்சம்.

அப்புறம், அடிக்கடி ஊர் மாறும் ஐ.டி. குடும்பம் என்றால், அடுத்துப் போகக்கூடிய மாநிலத்தின் விதியையும் படித்துவிடுங்கள். டெக்சஸின் எல்.பி.சி. உரிமத்துக்குக் கலிபோர்னியாவில் பெயர் எல்.பி.சி.சி., நியூயார்க்கில் எல்.எம்.எச்.சி. மணி நேரக் கணக்கும் அங்கே வேறு.